மியூச்சுவல் சம்மதத்தை வாபஸ் வாங்கினா ஜீவனாம்சம் போயிடுமா?

பள்ளிகொண்டா பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டது: "மியூச்சுவல் டைவர்ஸுக்கு முதல் கையெழுத்து போட்டு நாலு மாசம் ஆகுது. ‘எதிர்காலத்தில் ஜீவனாம்சம் எதுவும் கோரமாட்டேன்’னு மனுவுல ஒரு பாரா இருக்கு. இப்ப எனக்கு மனசு ஒப்பல. வாபஸ் வாங்கினா ஒரு பைசா கேட்க முடியாது, நீயே எழுதிக் கொடுத்துட்ட, கோர்ட்டும் கோவப்படும்னு தாய்மாமா சொல்றார். ரெண்டு வயசுல பையன் இருக்கான். மாமா சொல்றது சரியா?"

9 மார்ச் 2025, இரவு

சரியில்லை. மாமா உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனா தப்பு.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு. 1955 சட்டத்துல 1976-ல சேர்த்தது. அதுல ரெண்டு படி இருக்கு. முதல்ல ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடணும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் மறுபடி வந்து "ஆமாம், வேணும்"னு சொல்லணும். நடுவுல இருக்குற ஆறு மாசம் யோசிக்கத்தான். யோசிச்சு மனசு மாறினா அது குத்தம் இல்லை. 1991-ல சுரேஷ்டா தேவி வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லியிருக்கு: டிக்ரி (விவாகரத்துன்னு கோர்ட் போடற இறுதி உத்தரவு) ஆகுற வரைக்கும் ஒருத்தர் மட்டும் தனியா சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கலாம், அடுத்தவர் அனுமதி வேண்டாம்.

நீ எழுதிக் கொடுத்த பாரா விவாகரத்து கிடைச்சா அமலாகுற பேரத்தோட ஒரு பகுதி. விவாகரத்தே இல்லைன்னா அந்தப் பேரமும் இல்லை. நீ இன்னும் அவர் மனைவி. மனைவிக்கு உள்ள ஜீவனாம்ச உரிமை அப்படியே இருக்கு. பையனோட உரிமை தனி. அதை அம்மா எழுதிக் கொடுத்து விட முடியாது.

நான் இதே வேலூர் குடும்ப நல கோர்ட்ல இதே வேலையைச் செஞ்சவ. அந்தக் கதையை நாளைக்கு எழுதறேன்.

9 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

ஒண்ணு விட்டுட்டேன். வாபஸை வாய்ச்சொல்லா மட்டும் விடாதே. எழுதி, கையெழுத்து போட்டு, கோர்ட்ல தாக்கல் பண்ணி, சீல் போட்ட நகல் ஒண்ணு கையில வெச்சுக்கோ. டிக்ரி ஆயிட்டா கதை வேற. சம்மத டிக்ரிக்கு அப்பீல் கிடையாது. ஏமாத்தி வாங்கினாங்க, மிரட்டி வாங்கினாங்கன்னு நிரூபிக்க அலையணும்.

11 மார்ச்

என் கதை. பேர் வேண்டாம், ஊர் குடியாத்தம் பக்கம்.

ஷூ கம்பெனியில அப்பர் தைக்குற செக்‌ஷன்ல வேலை. 2015-ல கல்யாணம், 2020-ல அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். வந்தேன்னு சொல்றது கூட சரியில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு, குழந்தை தோள்ல தூங்குறப்ப, என்னை வெளியில விட்டு புருஷன் வீட்ல கதவைச் சாத்தினாங்க. ரெண்டு வருஷம் ஊர்ப் பெரியவங்க பேசினாங்க. கடைசியில அஞ்சு லட்சம், முதல் கையெழுத்துல ரெண்டு, ரெண்டாவதுல மூணுன்னு முடிவு. 2022 ஜூன்ல மனு. மனு முழுக்க இங்கிலீஷ். எனக்குப் படிச்சுக் காட்டினது தொகை இருந்த பாரா மட்டும்.

டிசம்பர்ல கம்பெனி எச்.ஆர்.ல ஒரு பொண்ணுகிட்ட அந்த நகலைக் கொடுத்து முழுசா படிக்கச் சொன்னேன். மதியம் சாப்பாட்டு நேரம். அவ படிச்சிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தினா. "அக்கா, பாப்பாவுக்கும் சேர்த்து இனிமே எதுவும் கேட்க மாட்டேன்னு போட்டிருக்கு, தெரியுமா?"ன்னா. எனக்குத் தெரியாது. டிபன் பாக்ஸை அப்படியே மூடினேன்.

2023 ஜனவரி 18. சத்துவாச்சாரி கோர்ட் வளாகம். அப்பா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அவங்க வீட்டு ஆளுங்க மூணு லட்சத்துக்கு டி.டி. எடுத்துட்டு வந்திருந்தாங்க. ஜட்ஜ் அம்மா எல்லாரையும் கேக்குற மாதிரிதான் என்னையும் கேட்டாங்க: "சுய விருப்பத்தோட சம்மதிக்கிறீங்களா, யாராவது வற்புறுத்தினாங்களா?" வற்புறுத்தலைன்னு சொல்லணும்னு காலையில இருந்து வீட்ல சொல்லிக் கொடுத்திருந்தாங்க. எனக்கு வாய் வரல. அவங்க மறுபடி கேட்டாங்க, மெதுவா. "எனக்கு இதுல சம்மதம் இல்லைங்கம்மா"ன்னேன். அவ்வளவுதான். அவங்க தலையை ஆட்டி என்னமோ எழுதினாங்க, அடுத்த கேஸைக் கூப்பிட்டாங்க. கோர்ட் கோவப்படும்னு உங்க மாமா சொன்னாரே, கோவம் எதுவும் இல்லை. கோவம் வெளியில இருந்தது. படிக்கட்டுல அவங்க பேசினதை இங்க எழுத முடியாது.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அப்பா ஒரு வார்த்தை பேசல. பள்ளிகொண்டா தாண்டினதும் "காலையிலேயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல"ன்னார். நான் சொல்லியிருந்தா அவர் தடுத்திருப்பார். அது அவருக்கும் தெரியும்.

12 மார்ச்

திருத்தம். நேத்து ஒருத்தருக்குத் தனியா பதில் எழுதறப்ப "18 மாசத்துக்குள்ள வாபஸ் வாங்கணும், அதுக்கு மேல முடியாது"ன்னு எழுதிட்டேன். தப்பு. எங்க வக்கீலம்மா படிச்சிட்டு போன் பண்ணித் திருத்தினாங்க. 18 மாசம்ங்கறது ரெண்டாவது முறை வந்து டிக்ரி கேக்குறதுக்கான காலம். சம்மதம் டிக்ரி நாள் வரைக்கும் இருந்தாகணும். 2011-ல ஹிதேஷ் பட்நாகர் வழக்குல உச்ச நீதிமன்றம், டிக்ரிக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் வாபஸ் வாங்கலாம்னு சொல்லிடுச்சு. 2009-ல ஸ்ம்ருதி பஹாரியா வழக்கு இன்னும் ஒரு படி மேல: ஒருத்தர் ரெண்டாவது முறை வரவே இல்லைன்னா, முதல்ல கையெழுத்து போட்டதை வெச்சு சம்மதம் தொடருதுன்னு கோர்ட் அனுமானிக்கக் கூடாது.

இன்னொண்ணு. ஆறு மாசம் கட்டாயம்னு நம்பிக்கிட்டு சும்மா இருக்காதீங்க. 2017-ல அமர்தீப் சிங் வழக்குக்கு அப்புறம், தகுந்த காரணம் இருந்தா கோர்ட் அந்த ஆறு மாசத்தைத் தள்ளுபடி பண்ணலாம். அதுக்குத் தனியா ஒரு மனு போடணும், அதுல உங்க கையெழுத்தும் கேப்பாங்க. எந்தத் தாள்ல போடறோம்னு பாத்துப் போடுங்க.

16 மார்ச்

ஆற்காட்டுல இருந்து ஒரு அண்ணன் நீளமா எழுதியிருக்கார். அவர் பக்கம் வேற. முதல் கையெழுத்துல மூணு லட்சம் கொடுத்தார், கடன் வாங்கி. மனைவி வாபஸ் வாங்கிட்டாங்க. "உங்களை மாதிரி ஆளுங்க சொல்லிக் கொடுத்துத்தான் இப்படி நடக்குது"ன்னு முடிச்சிருக்கார்.

அண்ணா, ரெண்டு நாள் யோசிச்சுத்தான் எழுதறேன். உங்க வலி எனக்குப் புரியுது. நான் வாங்கின ரெண்டு லட்சமும் யாரோ வட்டிக்கு வாங்கினதா இருக்கலாம். அந்தப் பணத்தை மறைச்சு, வாங்கவே இல்லைன்னு ஜீவனாம்ச மனு போடறது பொய். அதை நான் யாருக்கும் சொல்லித் தர மாட்டேன்.

நீங்க செய்ய வேண்டியது: கொடுத்ததுக்கான பேங்க் ஆதாரத்தை ஜீவனாம்ச வழக்குல வைங்க. 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்ததுல இருந்து ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். வேற வழக்குல கிடைச்ச தொகையையும் சொல்லியாகணும், அது கழிக்கப்படும். இன்னொரு விஷயம், கோர்ட் முன்னாடி உறுதிமொழி கொடுத்து, அதை நம்பி அடுத்தவர் பணம் கொடுத்து வழக்கையும் வாபஸ் வாங்கினப்புறம் பின்வாங்கினா என்ன ஆகும்? 2018-ல டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் அலசிச்சு. விவாகரத்துக்குச் சம்மதிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனா வேணும்னே உறுதிமொழியை மீறினதுக்கு அவமதிப்பு நடவடிக்கை வரலாம்னு சொன்னாங்க. தங்கச்சி, நீ கோர்ட்ல தனியா உறுதிமொழி எதுவும் கொடுத்திருக்கியான்னு பாத்துச் சொல்லு.

23 மார்ச்

இதைப் பத்தித்தான் முதல்லயே எழுதியிருக்கணும். எனக்கு உண்மையிலேயே சிக்கல் ஆனது இந்த இடம்.

வாபஸுக்கு அப்புறம் நான் ஜீவனாம்சம் கேட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ல. (2024 ஜூலை 1-க்கு அப்புறம் போடறவங்களுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144, சாரம் அதேதான்.) அதுல நாலாவது உட்பிரிவு: மனைவியும் கணவனும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் தனியா வாழ்ந்தா ஜீவனாம்சம் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில எங்க பழைய மியூச்சுவல் மனுவை எடுத்தார். மூணாவது பாரா. "மனுதாரர்கள் இருவரும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் தனித்தனியே வாழ்ந்து வருகின்றனர்." கீழ என் கையெழுத்து. "இது உங்க கையெழுத்துதானே?" "ஆமாங்க." "படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

அந்த நிமிஷம் கால் நடுங்கிடுச்சு. மனு தள்ளுபடி ஆயிட்டாலும், அதுல நாம ஒத்துக்கிட்டு எழுதின விஷயத்தை எதிர்த்தரப்பு காட்டலாம், நாம விளக்கம் சொல்லியாகணும். அவங்க கதவைச் சாத்தின ராத்திரியை நான் சொன்னேன். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துல கொடுத்த மனுவோட ரசீது இருந்தது, அதைக் காட்டினேன். சம்மதத்தைத் திரும்ப வாங்கின நாள்ல இருந்து எந்தச் சம்மதமும் இல்லைன்னு எங்க வக்கீலம்மா வாதாடினாங்க. ஜட்ஜ் ஏத்துக்கிட்டாங்க. ரசீது இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியல.

இப்ப கேளு. 13பி-க்கு அந்த வரியே தேவை இல்லை! சட்டம் கேக்குறது "ஒரு வருஷமா தனியா வாழறாங்க" அவ்வளவுதான். ஏன் தனியா வாழறாங்க, யார் சம்மதத்துல வாழறாங்கன்னு கேக்கவே இல்லை. டைப் அடிக்கிறவங்க பழைய மனுவைப் பாத்து அப்படியே இறக்கிடறாங்க. மியூச்சுவல் மனு போடற எந்தப் பொண்ணும் அந்த "பரஸ்பர சம்மதத்தின் பேரில்"ங்கறதை நீக்கச் சொல்லணும். பிரியறதுக்குத்தான் சம்மதம். வெளியில துரத்தினதுக்கு யாரும் சம்மதிக்கல.

விவாகரத்து முடிஞ்சவங்களுக்கு இந்தத் தடை இல்லை. 1995-ல வனமாலா வழக்குல, பரஸ்பர சம்மதத்துல விவாகரத்து வாங்கினவங்களை "சம்மதத்துல தனியா வாழற மனைவி"ன்னு தள்ள முடியாது, மறுமணம் ஆகுற வரைக்கும் கேக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா விவாகரத்துக்கு அப்புறம் தானா முன்வந்து உரிமையை விட்டுக் கொடுத்திருந்தா ஜீவனாம்ச உத்தரவு ரத்தாகலாம்னு பழைய சட்டம் 127-ல (புதுசுல 146) ஒரு வழி இருக்கு. அதனால எழுதிக் கொடுக்குற ஒவ்வொரு வரியும் பாரம்தான்.

6 ஏப்ரல்

பெரிய திருத்தம். வாணியம்பாடி அக்கா ஒருத்தருக்கு "அதே மியூச்சுவல் வழக்குலயே இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவுல நிரந்தர ஜீவனாம்சம் கேளுங்க"ன்னு சொல்லியிருந்தேன். அவங்க மனு போட்டு, அது நிக்காதுன்னு திருப்பிட்டாங்க. என்னால அவங்களுக்கு ஒரு மாசம் வீணாச்சு. அவங்ககிட்ட போன்ல மன்னிப்பு கேட்டேன், இங்கயும் கேக்கறேன்.

ஏன் நிக்காது? 1993-ல சந்த் தவன் வழக்கு. அமிர்தசரஸ் குடும்பம். அவங்களும் மியூச்சுவல் மனு போட்டு, மனைவி எதிர்த்து, மனு தள்ளுபடி ஆச்சு. அப்புறம் மனைவி 25-ல நிரந்தர ஜீவனாம்சம் கேட்டாங்க. உச்ச நீதிமன்றம் சொன்னது: 25-வது பிரிவு வேலை செய்யணும்னா ஒரு டிக்ரி இருக்கணும். திருமணம் முறிஞ்சோ, ரத்தாகியோ, நிலை மாறியோ இருக்கணும். மனு தள்ளுபடி ஆனா திருமணம் அப்படியே நிக்குது, 25 கிடையாது. போக வேண்டிய இடம், 1956 இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 18-வது பிரிவு, இல்லைன்னா 125 (புது மனுவுக்கு 144).

அதாவது வாபஸ் வாங்கினா ஜீவனாம்சம் போகாது, ஆனா வாங்குற கதவு மாறிடும். மொத்தத் தொகை கேக்குற 25 மூடிடும். வழக்கு நடக்குற காலத்துக்கான 24-ம் அந்த வழக்கோட முடிஞ்சிடும். 125, 18 ரெண்டும் திறந்திருக்கும். அவர் திரும்பி கொடுமைன்னோ கைவிட்டுட்டான்னோ தனி விவாகரத்து வழக்கு போட்டா, அதுல 24 மறுபடி உயிர் பெறும். முதல் நாளே எனக்கு இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

15 மே

இன்னிக்கு ஊர்ல கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலையை ஊர்வலமா கொண்டு வருவாங்க. கம்பெனி லீவு. கூட்டத்துல பாப்பாவைத் தோள்ல தூக்கி வெச்சிருந்தேன், ஒன்பது வயசாகப் போகுது, கனக்கிறா. சிரசு வர்றப்ப "அம்மா, தலை மட்டும் தனியா ஏன் வருது?"ன்னா. கதையைச் சொன்னேன். புருஷன் பேச்சைக் கேட்டு மகனே வெட்டினது, அப்புறம் தலையும் உடம்பும் மாறிச் சேர்ந்தது. "அவங்களுக்கு வேற யாரும் இல்லையா, அவங்க அம்மா வீடு?"ன்னு கேட்டா. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கேள்வியே காதுல.

வெயில் தாங்கல. வேலூரை வெயிலூர்னு சும்மா சொல்லல. அம்மா முள்ளுக் கத்திரிக்காய் குழம்பு வெச்சாங்க. வழக்கைப் பத்தி இன்னிக்கு எதுவும் எழுதல.

1 ஜூன்

தங்கச்சி நேத்து எழுதியிருக்கா: ஏப்ரல்லயே சம்மதத்தை எழுத்துல வாபஸ் வாங்கிட்டா. மனு முடிஞ்சுடுச்சு. உறுதிமொழி எதுவும் தனியா இல்லை, பணமும் வாங்கல. "இனிமே கோர்ட்டே ஜீவனாம்சத்துக்குக் கூப்பிடும்ல அக்கா?"ன்னு கேட்டிருக்கா.

கூப்பிடாதும்மா. நானும் இதையேதான் நம்பினேன்.

2023 ஜனவரியில வாபஸ். சம்மதம் இல்லைன்னு சொல்லிட்டோம், ஜட்ஜ் குழந்தையைப் பாத்தாங்க, ஏதாவது பண்ணுவாங்கன்னு வீட்ல உக்காந்திருந்தேன். தபால்காரர் வந்தா எழுந்து போய்ப் பாப்பேன். 2023 டிசம்பர் 11-லதான் மனு போட்டேன், அதுவும் இலவச வக்கீல் கொடுக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இருந்த அம்மா "மனு எங்கே?"ன்னு கேட்டப்புறம். உத்தரவு வந்தப்ப எனக்கு ஆறாயிரம், பாப்பாவுக்கு நாலாயிரம், மனு தாக்கல் பண்ண தேதியில இருந்து. பிரிஞ்ச தேதியில இருந்து கிடையாது, வாபஸ் வாங்கின தேதியில இருந்தும் கிடையாது. ரஜ்னேஷ் தீர்ப்பும் அதைத்தான் சொல்லுது, மனு தேதியில இருந்து. மாசம் பத்தாயிரம், பதினோரு மாசம், 1,10,000 ரூபா. யாரும் என்கிட்ட இருந்து பிடுங்கல. நான் கேக்கவே இல்லை.

அதனால நாளைக்கே ஆணைக்குழுவுக்குப் போ. பொண்ணுங்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவச வக்கீல் கொடுக்கணும்னு 1987 சட்டம் சொல்லுது. போன் பண்ணணும்னா 15100. நீ இருக்குற ஊர் எல்லைக் கோர்ட்லயே போடலாம், அவர் இருக்குற ஊருக்கு ஓட வேண்டாம். மனுவோடயே இடைக்கால ஜீவனாம்ச மனுவும் சேர்த்துப் போடு. நோட்டீஸ் சேர்ந்து அறுபது நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு. எனக்கு அதைவிட ரொம்ப நாள் ஆச்சு, ஆனாலும் பாப்பாவோட நாலாயிரம் முதல்ல வந்தது அந்த மனுவாலதான்.

22 ஜூன்

ஆற்காட்டு அண்ணன் மறுபடி எழுதியிருக்கார், இந்தத் தடவை கோவம் இல்லாம. "உங்களுக்கு வாபஸ் வாங்கினது லாபமா?"ன்னு.

நேர்மையா கணக்கு போடறேன். நான் வாங்கின ரெண்டு லட்சத்தைப் பிரமாணப் பத்திரத்துல நானே எழுதினேன். கோர்ட் அதை என் பங்குல கழிச்சுடுச்சு. மாசம் ஆறாயிரம்னா 33 மாசத்துக்கு மேல. 2026 செப்டம்பர் வாக்குலதான் என் பங்கு கைக்கு வரும். இப்ப வர்றது பாப்பாவோட நாலாயிரம் மட்டும். அன்னிக்கு அந்த டி.டி.யை வாங்கியிருந்தா மூணு லட்சம் ஒரே நாள்ல. எங்க வீட்டு அண்ணன் இதை இன்னும் சொல்லிக் காட்டறார். அவர் சொல்றதுல பாதி உண்மை.

மீதிப் பாதி இது. மனு போட்டப்ப பாப்பாவுக்கு ஏழு வயசு. பதினெட்டு வரைக்கும் 132 மாசம், 5,28,000 ரூபா. அவளுக்கு மட்டும். அன்னிக்கு நான் அஞ்சு லட்சத்துக்கு விட்டுக் கொடுக்க இருந்தது அவளோடதையும் சேர்த்து.

புருஷன் தரலைன்னா என்னன்னும் கேட்டிருந்தீங்க. போன வருஷம் மூணு மாசம் தரல. பாக்கிக்கு நிறைவேற்று மனு போட்டேன். ஒவ்வொரு மாசப் பாக்கிக்கும் ஒரு மாசம் வரை சிறைன்னு சட்டம். வாரண்டுக்கு முன்னாடியே கட்டிட்டார். பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும், அதை மறந்துடாதீங்க.

இன்னொருத்தர், "நீங்க வேலைக்குப் போறீங்களே, எப்படிக் கிடைச்சது?"ன்னார். என் சம்பளச் சீட்டைக் காட்டினேன், மறைக்கல. தன்னைத் தானே காப்பாத்திக்க முடியலைன்னா பிச்சை எடுக்குற நிலையில இருக்கணும்னு அர்த்தம் இல்லைன்னு 2007-ல சதுர்புஜ் வழக்குலயே சொல்லிட்டாங்க. வேலை இருக்குங்கறதால தொகை குறையும், உரிமை போகாது.

இப்பவும் ராத்திரியில யோசிப்பேன். விவாகரத்தும் இல்லை, வாழ்க்கையும் இல்லை, நடுவுல நிக்கறோமேன்னு. அவரும் நடுவுலதான் நிக்கறார். நல்ல தொகை, பாப்பாவுக்குத் தனி, எல்லாம் தமிழ்ல எழுதி எனக்குப் படிச்சுக் காட்டினா மறுபடி மியூச்சுவலுக்குக் கையெழுத்து போடத் தயார்னு வக்கீலம்மா மூலமா சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரல.

5 ஜூலை

தங்கச்சி இன்னும் போகல. மாமாவைச் சமாதானம் பண்ணிட்டிருந்தாளாம். திட்டலாம்னு போன் எடுத்தேன், முடியல. அவ பையனுக்குக் காய்ச்சல் வேற.

கொண்டு வர வேண்டியது: ஆதார், கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ, பையனோட பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், அவர் வேலை செய்யற இடம் பத்தித் தெரிஞ்ச எதுவா இருந்தாலும், மியூச்சுவல் மனு நகல், வாபஸ் நகல். மருந்துச் சீட்டு, பால் பாக்கெட் கணக்கு கூட எழுதி வை.

7 ஜூலை, மதியம்

சத்துவாச்சாரியில இருந்து எழுதறேன். அரை நாள் லீவு போட்டு வந்தேன். அவ கூட மாமாவும் வந்திருந்தார். ஆணைக்குழு வக்கீல் மனுவைப் படிக்கறப்ப, ஒவ்வொரு பாராவையும் தமிழ்ல சொல்லுங்கன்னு மாமாவே கேட்டார். மூணாவது பாராவுல "கணவர் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு"ன்னு இருந்தது. சரிதானான்னு அவளைப் பாத்தார். அவ தலையாட்டினா.

பன்னிரண்டே காலுக்குத் தாக்கல் ஆச்சு. சீல்ல தேதி: 7.7.2025.